வெளிமாநிலக் கல்லூரியில் உதவித்தொகை: வாய்ப்பை எடைபோடுவது எப்படி?

நம் சமுதாயக் குடும்பங்களில், மகனோ மகளோ அமெரிக்க நாட்டில் பணிபுரியும் குடும்பங்கள் இன்று பலவாகிவிட்டன. அங்கே வளர்ந்த பேரப்பிள்ளைகள் இப்போது கல்லூரி வாயிலில் நிற்கிறார்கள். அவர்களது படிப்புச் செலவைப் பற்றிய பேச்சு, தொலைபேசி வழியாக இங்குள்ள தாத்தா பாட்டியர் செவிகளையும் எட்டுகிறது. "மார்க் நன்றாக இருக்கிறது, ஸ்காலர்ஷிப் கிடைத்துவிடும்" என்று அங்கிருந்து சொல்லுகிறார்கள். "கிடைக்கும், கிடைக்கும்" என்று நாமும் இங்கிருந்து வாழ்த்துகிறோம். வாழ்த்தைத் தாண்டி, அந்த வாய்ப்பைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்க்க வழியுண்டு என்பதை நாம் காலங்கடந்தே அறிந்தோம். அறிந்ததை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் வீட்டில் நேர்ந்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். நியூஜெர்சி மாநிலத்தில் வாழும் நம் மகளின் மூத்த மகன் 2018ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பை முடித்தான். எஸ்.ஏ.டி. என்னும் தேர்வில் 1600க்கு 1460 பெற்றிருந்தான். வேறொரு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில வேண்டும் என்பது அவன் விருப்பம். அப்பல்கலைக்கழகத்தில் முந்திய ஆண்டு சேர்ந்த மாணவரின் மதிப்பெண்களில் கீழ்க்கால்மானம் 1300, மேற்கால்மானம் 1450 என்று அச்சிட்டிருந்தார்கள். "நம் பிள்ளை மேற்கால்மானத்திற்கும் மேலே நிற்கிறான்; உதவித்தொகை உறுதி" என்றார் மாப்பிள்ளை. ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு இருபத்தாறு ஆண்டுகள் கால்மானமும் நூற்றுமானமும் கற்பித்த நாமும் "சரிதான்" என்று சொன்னோம். ஏப்ரல் மாதத்தில் கடிதம் வந்தது. இடம் உண்டு, உதவித்தொகை ஒரு டாலர்கூட இல்லை. அதற்குள் பிற கல்லூரிகளின் உதவித்தொகைக்கு உரிய இறுதி நாள்கள் எல்லாம் கடந்துபோயிருந்தன. பிள்ளையின் மனமோ அங்கேயே போய்த் தங்கிவிட்டது. பெற்றோர் கடன் வாங்கினர். சம்பந்தி அவர்கள் வந்தவாசிப் பக்கத்து நிலத்தில் ஒரு பகுதியை விற்று அனுப்பினார்கள்.

அந்தக் கணக்கில் பிழை எங்கே? கால்மானம் பொய் சொல்லவில்லை. சேர்ந்த மாணவருள் நான்கில் ஒரு பங்கினர் 1450க்கு மேல் பெற்றிருந்தனர் என்று மட்டுமே அது சொன்னது. அந்த நான்கில் ஒரு பங்கினரில் எத்தனை பேருக்குப் பணம் கொடுத்தார்கள் என்று அது சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. சேர்க்கைக்கான வாய்ப்பு வேறு, உதவித்தொகைக்கான வாய்ப்பு வேறு. முன்னதற்குரிய விடையைப் பின்னதற்கு எழுதிவிட்டோம். நம் மாணவியர் தேர்வுத்தாளில் இவ்வாறு எழுதியிருந்தால் சிவப்பு மையால் கோடிட்டிருப்போம்.

வெளிமாநிலக் கட்டணம் என்பது யாது?

அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்தந்த மாநிலத்திற்கு உரியவை. மாநில மக்களின் வரிப்பணம் அவற்றுக்குச் செல்வதால், அம்மாநிலக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு வேறொரு கட்டணம். பின்னது முன்னதைப் போல் இரு மடங்காகவும் மும்மடங்காகவும் இருப்பதுண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2025-26ஆம் கல்வியாண்டில் புதிதாகச் சேர்ந்த வெளிமாநில மாணவர், வழக்கமான கட்டணத்தோடு 37,602 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்தது. விடுதி, உணவு, புத்தகம் எல்லாம் இதற்குப் புறம்பு.

"ஓராண்டு அங்கே தங்கிவிட்டால் அம்மாநிலத்தவர் ஆகிவிடலாமே" என்று சொல்லுவோர் உண்டு. படிக்கும் காலம் முழுவதும் ஒருவரை வெளிமாநிலத்தவர் என்றே வைத்திருந்த கனெக்டிகட் மாநிலத்து விதியை 1973இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது உண்மையே. ஆனால் உண்மையான குடியிருப்பை மெய்ப்பிக்குமாறு கேட்கவும், வெளியாரிடம் கூடுதல் கட்டணம் பெறவும் மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்றும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பெற்றோரைச் சார்ந்து வாழும் மாணவர் எனில், பெரும்பாலான மாநிலங்கள் பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்றே பார்க்கின்றன. ஆகவே அந்த நம்பிக்கையைக் கணக்கில் சேர்க்கலாகாது.

அவ்வளவு கட்டணம் வாங்குகிற பல்கலைக்கழகம் ஏன் வெளிமாநிலப் பிள்ளைக்கு உதவித்தொகையும் தருகிறது? மாநில அரசுகள் தரும் மானியம் குறைந்தபோது, பல பல்கலைக்கழகங்கள் வெளிமாநில மாணவரை நாடத் தொடங்கின. கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுத்தாலும், மீதியே உள்மாநிலக் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் மிகுதி. நல்ல மதிப்பெண் உள்ள பிள்ளைகள் வந்தால் பல்கலைக்கழகத்தின் பெயரும் உயர்கிறது. எனவே இதனைப் பரிசு என்று மட்டும் கருதாமல், ஓரளவு தள்ளுபடி என்றும் கருத வேண்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை. கொடுப்பவர் நோக்கம் தெரிந்தால், யார் கொடுப்பார், யார் கொடார் என்பதும் விளங்கும். விண்ணப்பங்கள் வந்து குவிகிற புகழ்பெற்ற பல்கலைக்கழகத்திற்குத் தள்ளுபடி கொடுத்து மாணவரை அழைக்க வேண்டிய தேவை இல்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் எனப்படும் எட்டுக் கல்லூரிகளும் மதிப்பெண்ணுக்கென உதவித்தொகை தருவதே இல்லை. குடும்ப வருவாயைப் பார்த்தே உதவுகின்றன. அங்கே 1600க்கு 1600 பெற்றாலும் மதிப்பெண்ணுக்காக ஒரு காசும் வராது.

மூவகை உதவித்தொகைகள்

2024ஆம் ஆண்டு, பேத்தி பன்னிரண்டாம் வகுப்பிற்குச் செல்லும் வேளையில், நாம் ஆறு திங்கள் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். "பாட்டி, இந்த முறை நீங்களே கணக்குப் போடுங்கள்" என்று பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். அதில் நாம் முதலில் செய்த வேலை, அவள் விரும்பிய கல்லூரிகளை உதவித்தொகையின் தன்மைப்படி பிரித்ததுதான்.

முதல் வகை, அட்டவணைப்படி கொடுப்பது. இன்ன சராசரியும் இன்ன தேர்வு மதிப்பெண்ணும் இருந்தால் இன்ன தொகை என்று முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள். அலபாமாப் பல்கலைக்கழகம் இதற்குப் பெயர் பெற்றது; அங்குச் சேரும் புதுமுக மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிமாநிலத்தவர். இவ்வகையில் நிகழ்தகவு என்ற பேச்சே இல்லை. கட்டத்திற்குள் விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை. ஆனால் இறுதி நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அட்டவணை ஆண்டுதோறும் மாறக்கூடியது ஆகையால், பிள்ளை சேரும் ஆண்டுக்கு உரிய அட்டவணையையே பார்க்க வேண்டும். மூத்தவரின் அட்டவணையை வைத்து இளையவருக்குக் கணக்கிடுவோர் பலர்.

இரண்டாவது வகை, போட்டி. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1945இல் தோன்றிய மோர்ஹெட்-கெய்ன் உதவித்தொகையும், வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் ஜெபர்சன் உதவித்தொகையும் இவ்வகையின. நான்காண்டுச் செலவு முழுவதையும் ஏற்கின்றன. ஆனால் கட்டுரை, நேர்காணல், பொதுத்தொண்டு, தலைமைப் பண்பு என்று பலவற்றைச் சலித்து மிகச் சிலரையே எடுக்கிறார்கள். மதிப்பெண் இங்கே வாயில் மட்டுமே. உள்ளே நுழைந்தபின் அதற்கு மதிப்புக் குறைவு. பேத்தி இத்தகைய ஒன்றிற்கு விண்ணப்பித்தாள். நாம் தடுக்கவில்லை, கணக்கில் மட்டும் அதற்குச் சுழியம் என்று எழுதினோம். அவளுக்கு அது சற்று வருத்தம்.

இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் தொல்லை. தனி அட்டவணை இல்லை, தனிப் போட்டியும் இல்லை. சேர்க்கை விண்ணப்பத்தையே பார்த்து, தாமாக ஒரு தொகையைச் சிலருக்கு அறிவிப்பார்கள். மூத்த பேரன் ஏமாந்தது இவ்வகையில்தான்.

சராசரியும் தேர்வும்

கணக்கிடுமுன், கையில் உள்ள எண்கள் எவை என்று தெளிதல் வேண்டும். அமெரிக்கப் பள்ளியில் ஒவ்வொரு பாடத்திற்கும் எழுத்துத் தரம் கொடுத்து, அதனை 4 புள்ளி அளவுகோலில் சராசரியாக்குகிறார்கள். இதுவே ஜி.பி.ஏ. ஏ.பி. எனப்படும் கடினமான உயர்நிலைப் பாடங்களுக்குச் சில பள்ளிகள் கூடுதல் புள்ளி தருகின்றன. சாதாரணப் பாடத்தில் 4 பெறும் தரம் அங்கே 5 ஆகிறது. இது எடையிட்ட சராசரி. கூடுதல் சேர்க்காதது எடையிடாத சராசரி. நம் பேத்திக்கு எடையிட்டது 4.5, எடையிடாதது 3.87. வீட்டில் எல்லாரும் 4.5 என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய எண் வாயில் இனிக்கிறது. ஆனால் எடையிடும் முறை பள்ளிக்குப் பள்ளி வேறுபடுவதால், பல்கலைக்கழகங்கள் சில எடையிடாததைக் கேட்கின்றன. சில பள்ளி தருவதை அப்படியே ஏற்கின்றன. வேறு சில மொழி, கணிதம், அறிவியல், சமூகவியல் போன்ற முதன்மைப் பாடங்களை மட்டும் எடுத்துத் தாமே மீண்டும் கணக்கிடுகின்றன. ஒவ்வொரு கல்லூரியின் பெயருக்கு எதிரே "எந்தச் சராசரி?" என்று ஒரு பத்தி வரைந்து நிரப்பினோம். ஓரிடத்தில் 3.9 என்ற எல்லைக்கு அவள் வெளியே விழுந்தது அப்போதுதான் தெரிந்தது.

தேர்வு மதிப்பெண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ்.ஏ.டி.யில் இரு பகுதிகள், ஒவ்வொன்றும் 800. ஏ.சி.டி.யில் உச்சம் 36. எந்தத் தேர்விலும் அளவீட்டுப் பிழை என்று ஒன்று உண்டு. ஒரே பிள்ளை அடுத்த வாரம் எழுதினால் மொத்தம் முப்பது நாற்பது புள்ளி ஏறலாம், இறங்கலாம். அதனால் அறிவு ஏறிற்று என்றோ இறங்கிற்று என்றோ பொருளில்லை. ஆனால் அட்டவணைக்கு இந்த நுட்பம் தெரியாது. எல்லைக்கோட்டிற்கு இப்பாலும் அப்பாலும் பத்துப் புள்ளிதான் வேறுபாடு. பேத்தி 2024 மார்ச்சில் 1400 பெற்றாள். அவள் விரும்பிய தென்மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் அட்டவணையில் அடுத்த படி 1420இல் தொடங்கிற்று. அந்தப் படிக்கும் அவள் நின்ற படிக்கும் இடையே ஆண்டுக்கு 6,000 டாலர், நான்காண்டுக்கு 24,000. மறுபடி எழுதக் கட்டணம் நூறு டாலருக்கும் குறைவு. இப்படிப்பட்ட இடத்தில் மறுமுறை எழுதச் சொல்லலாம். ஆகஸ்டில் எழுதி 1440 பெற்றாள். ஆனால் எல்லைக்கு நூறு புள்ளி கீழே நிற்கும் பிள்ளையையும், எல்லையைத் தாண்டி நிற்கும் பிள்ளையையும் மூன்றாம் முறை நான்காம் முறை என்று விரட்டுவதைப் பார்க்கிறோம். முன்னதற்குக் கல்லூரியை மாற்றுவது நலம், பின்னதற்கு ஓய்வு நலம்.

பல முறை எழுதியவற்றில் ஒவ்வொரு பகுதியின் சிறந்த மதிப்பெண்ணையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. அது சேர்க்கைக்கு மட்டுமா, உதவித்தொகைக்கும் உண்டா என்று கேட்க வேண்டும். அவ்வாறே, 2020ஆம் ஆண்டுக்குப்பின் பல கல்லூரிகள் தேர்வு மதிப்பெண்ணை விருப்பமாக்கின. சேர்க்கைக்கு விருப்பம் என்றாலும் சில உதவித்தொகைகளுக்கு அது தேவையாகவே இருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமோ தேர்வு மதிப்பெண்ணைச் சேர்க்கைக்கும் பார்ப்பதில்லை, உதவித்தொகைக்கும் பார்ப்பதில்லை.

தெளிவற்ற இடத்தில் எண்ணுவது எப்படி?

இப்போது அந்த இடைப்பட்ட வகைக்கு வருவோம். அமெரிக்கக் கல்லூரிகளில் பல ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற பொதுப்படிவத்தை நிரப்பி வெளியிடுகின்றன. அதில் 'எச்' என்னும் பிரிவு உதவித்தொகையைப் பற்றியது. புதுமுக மாணவர் எத்தனை பேர், அவர்களுள் பொருளாதாரத் தேவை உள்ளவராகக் கண்டறியப்பட்டவர் எத்தனை பேர் என்று அங்கே இருக்கும். தொடர்ந்து 'எச்2ஏ' என்ற சிறு பகுதியில், தேவை இல்லாதவராயிருந்தும் தகுதிக்காகக் கல்லூரியிடம் பணம் பெற்றவர் எத்தனை பேர், சராசரியாக எவ்வளவு என்றும் இருக்கும். நடுத்தர வருவாயைத் தாண்டிய குடும்பங்கள் பார்க்க வேண்டிய இடம் இதுவே. இதனை நமக்கு யாரும் 2018இல் சொல்லவில்லை.

ஒரு கல்லூரியில் புதுமுக மாணவர் 4,000 என்றும், தேவை உள்ளோர் 2,200 என்றும் வைத்துக்கொள்வோம். தேவை இல்லாதோர் 1,800. அவர்களுள் தகுதி உதவித்தொகை பெற்றோர் 270, சராசரித் தொகை 9,000 டாலர் எனில், 1,800க்கு 270, அதாவது 15 விழுக்காடு. நூற்றுக்குப் பதினைந்து பேருக்கே கொடுக்கும் இடத்தில் மேற்கால்மானத்தில் நின்றால் போதாது. மதிப்பெண் ஒன்றை மட்டுமே பார்த்துக் கொடுத்தாலும், எண்பத்தைந்தாம் நூற்றுமானத்திற்கு மேல் நிற்க வேண்டும். மதிப்பெண்ணோடு பிறவற்றையும் பார்ப்பதால், அங்கும் உறுதி இல்லை. மூத்தவன் சேர்ந்த கல்லூரியின் பழைய படிவத்தை எடுத்து இவ்வாறே வகுத்துப் பார்த்தோம். பத்து விழுக்காட்டையும் எட்டவில்லை. மாப்பிள்ளை சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். இப்படிவம் உள்மாநிலத்தவரையும் வெளிமாநிலத்தவரையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே வந்த விழுக்காட்டை மேலெல்லையும் அன்று, கீழெல்லையும் அன்று, ஒரு சுவடு என்றே கொள்ள வேண்டும். மற்றொன்று, 15 விழுக்காட்டை 9,000 டாலரோடு பெருக்கி 1,350 டாலர் எதிர்பார்க்கலாம் என்று எழுதுவது. ஆயிரம் பிள்ளைகளை அனுப்பும் பள்ளிக்கு அந்தச் சராசரி பொருந்தும். ஒரு பிள்ளையை அனுப்பும் வீட்டிற்கு 1,350 டாலர் ஒருநாளும் வராது. வந்தால் ஏறத்தாழ 9,000, இல்லையேல் சுழியம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. "ஒவ்வொன்றிலும் வாய்ப்புப் பத்து விழுக்காடு எனில், பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தால் ஒன்றாவது கிடைக்காதா?" பத்தும் ஒன்றையொன்று சாராதவை என்றால், எதுவும் கிடைக்காத வாய்ப்பு 35 விழுக்காடு, ஒன்றேனும் கிடைக்கும் வாய்ப்பு 65 விழுக்காடு. இக்கணக்கு நாணயத்திற்கும் பகடைக்கும் பொருந்தும். இங்கோ பத்துக் குழுவினரும் ஒரே பிள்ளையின் ஒரே சராசரியையும் ஒரே கட்டுரையையும் படிக்கிறார்கள். முதற் குழுவின் கண்ணில் படாத பிள்ளை இரண்டாம் குழுவின் கண்ணிலும் படாமற்போவது இயல்பு. உண்மையான வாய்ப்பு 65ஐவிடக் குறைவு. போட்டி உதவித்தொகைகளையே பட்டியல் முழுதும் நிரப்பி, அட்டவணைக் கல்லூரி ஒன்றுகூட இல்லாமல் விண்ணப்பிப்பது இதனால்தான் ஆபத்து.

நேஷனல் மெரிட் பற்றியும் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் அக்டோபர் மாதம் எழுதும் பி.எஸ்.ஏ.டி. தேர்வின்வழி ஆண்டுதோறும் ஏறத்தாழ 16,000 பேர் அரையிறுதிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். வாசிப்பு எழுத்துப் பகுதியின் மதிப்பெண்ணை இரட்டித்து, கணித மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுத்த எண்ணே அளவுகோல், உச்சம் 228. எல்லைக்கோடு மாநிலத்திற்கு மாநிலம் வேறு. நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்றவற்றில் மிக உயர்வு. அவற்றுக்கும் மிகத் தாழ்ந்த மாநிலங்களுக்கும் பத்துப் புள்ளிக்கு மேல் இடைவெளி. நம் பேத்திக்கு 216. வேறு பல மாநிலங்களில் பயின்றிருந்தால் அது போதும், நியூஜெர்சியில் போதவில்லை. இறுதித் தகுதி பெற்றோரை அழைத்துப் பெருந்தொகை கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் அலபாமா, டல்லாஸ் நகருக்கு அருகேயுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகக் கிளை எனச் சில உண்டு. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாத, எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்குப் பொதுவாக இந்தத் திட்டம் இல்லை. மத்திய அரசின் உதவியும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து தரும் தகுதி உதவித்தொகைகள் பல குடியுரிமையைப் பார்ப்பதில்லை. அத்தகைய குடும்பத்தினர் முதல் கேள்வியாகவே இதனைக் கேட்டு எழுத்தில் விடை பெறுவது நல்லது.

டெக்சஸ் மாநிலத்தில் ஒரு விந்தையான ஏற்பாடு உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் நடத்தும் போட்டியில் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை பெறும் வெளிமாநில மாணவருக்கு உள்மாநிலக் கட்டணமே விதிக்கலாம் என்கிறது அங்குள்ள சட்டம். மொத்த மாணவரில் 5 விழுக்காட்டினர் வரை. ஆயிரம் டாலர் என்று கடிதத்தில் சிறிதாகத் தெரிவது, கட்டணத்தில் பெரிதாக விளைகிறது. மேற்கு மாநிலங்களில் வாழ்வோர்க்கு வேறொரு கூட்டு ஏற்பாடு உண்டு. அதில் பங்குபெறும் கல்லூரிகள் உள்மாநிலக் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குவதில்லை.

இனி, வந்த கடிதங்களைப் படிக்கும் முறை. தொகையின் பெருமையைப் பாராமல், கழித்தபின் மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். 2025 வசந்த காலத்தில் பேத்திக்கு மூன்று கடிதங்கள் எஞ்சின. புகழ் மிகுந்த ஒன்றில் ஆண்டுச் செலவு 62,000 டாலர், உதவி 20,000, மிச்சம் 42,000. தென்மாநிலப் பல்கலைக்கழகத்தில் செலவு 52,000, அட்டவணைப்படி உதவி 24,000, மிச்சம் 28,000. சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவியே இல்லை; செலவு 35,000. போட்டி உதவித்தொகையில் முதற்சுற்றோடு முடிந்தது. பெருமையான பெயரும் 20,000 டாலர் பரிசும் ஒரே கடிதத்தில் வந்தபோது வீட்டில் மகிழ்ச்சி ஆரவாரம். கழித்துப் பார்த்தால், பரிசே இல்லாத சொந்த ஊர்க் கல்லூரியைவிட அதற்கு 7,000 டாலர் கூடுதல்.

தெற்கிற்கும் சொந்த மாநிலத்திற்கும் இடையில்தான் உண்மையான கேள்வி. விமானச் செலவு ஆண்டுக்கு 2,000 என்று கொண்டால் தெற்கில் ஆண்டுக்கு 5,000 மிச்சம், நான்காண்டில் 20,000. ஆனால் உதவித்தொகையைத் தக்கவைக்கக் கல்லூரியில் 3.0 சராசரி வேண்டும். முதலாண்டிலேயே அதனை இழந்தால், மீதி மூன்றாண்டும் 54,000 வீதம் செலவு. சொந்த மாநிலத்தைவிட ஆண்டுக்கு 19,000 அதிகம். முதலாண்டு மிச்சத்தைக் கழித்தாலும் 52,000 டாலர் நட்டம். இழக்கும் வாய்ப்பு எவ்வளவு இருந்தால் இரண்டும் சமமாகும்? 20,000ஐ 72,000ஆல் வகுக்க, ஏறத்தாழ 28 விழுக்காடு. நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். அவள் 3.0க்குக் கீழே போகும் வாய்ப்பு அதனினும் மிகுதியா, குறைவா? இதற்கு அட்டவணை இல்லை. பொறியியலில் முதலாண்டு கடினம் என்பதை அண்ணன் சொன்னான். அவனுக்கே அவ்வாண்டில் 2.9தான் வந்திருந்தது. அவன் சொன்ன பிறகு அவள் இரண்டு நாள் அந்த நோட்டைத் தொடவில்லை.

கட்டணம் ஆண்டுதோறும் ஏறும், உதவித்தொகை ஏறாது என்பதையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். எட்டுப் பருவங்களுக்கு மட்டுமே உதவி. ஒன்பதாம் பருவம் படிக்க நேர்ந்தால் முழுக் கட்டணம். ஆண்டுக்கு இத்தனை பாட அலகுகள் முடிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கும். வெளியிலிருந்து வேறு சிறு உதவித்தொகை கிடைத்தால் அதற்கு ஈடாகத் தம் தொகையைக் குறைக்கும் கல்லூரிகளும் உண்டு. 2011 முதல் அந்நாட்டுக் கல்லூரிகள் தம் வலைத்தளத்தில் நிகரச் செலவு காட்டும் கணிப்பானை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அது வருவாயை மட்டுமே கேட்டால் தகுதி உதவித்தொகையைக் காட்டாது. சராசரியையும் தேர்வு மதிப்பெண்ணையும் கேட்டால் காட்டக்கூடும்.

ஏப்ரல் மூன்றாம் வாரம், நாம் ஊர் திரும்பி ஐந்து மாதங்கள் ஆனபின், பேத்தி தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். "ஒருமுறை 3.0க்குக் கீழே போனால் உடனே நிறுத்திவிடுவார்களா, பாட்டி?" நமக்கு எப்படித் தெரியும்? "அவர்களையே எழுதிக் கேள், அம்மா" என்றோம். எழுதினாள். நான்கு நாளில் விடை வந்தது: ஒரு பருவம் அவகாசம் தருவார்கள், அதற்குள் சராசரியை மீட்டால் உதவி தொடரும். அந்த ஒரு வரியால், இழக்கும் வாய்ப்பு அவள் கணக்கில் பாதியாயிற்று. மே முதல் நாளுக்கு ஆறு நாள் முன்பே தெற்கிற்கு இசைவு அனுப்பினாள். முதற் பருவ முடிவில் சராசரி 3.41. வேதியியலில் மட்டும் தரம் தாழ்ந்தது என்று சொன்னாள். அண்ணன் தன் பழைய குறிப்பேடுகளை அஞ்சலில் அனுப்பியிருக்கிறான்.